ஐம்பது மீட்டர் கடல்

ஆதிரையை எழுப்பும் தேதியை மூன்றாவது முறையாகத் தள்ளி வைத்தபோது பூவிழிக்குக் கோபம் வரவில்லை. வேலூர் டயாலிசிஸ் சென்டரில் அப்போது அவள் ஒரு லாரி டிரைவரின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். பையில் போன் அதிர்ந்தது. பிளாஸ்டரை ஒட்டி, குழாயில் ரத்தம் சீராக ஓடுவதைப் பார்த்து, கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தாள். கோத்தகிரி நெடுந்துயில் நிலையத்திலிருந்து வந்த செய்தி. தேதி தள்ளிப்போகிறது, காரணத்தை விளக்க உறவினர்களை நேரில் அழைக்கிறோம் என்று இருந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"யாரு சிஸ்டர்?" என்று கேட்டார் டிரைவர்.

"வீட்ல இருந்து," என்றாள்.

அந்த சென்டரில் எல்லாக் கட்டில்களும் எப்போதும் நிறைந்திருக்கும். கட்டட வேலை, சாலை வேலை, செங்கல் சூளை என்று வருடக்கணக்காக வெயிலில் நின்று சிறுநீரகத்தைப் பறிகொடுத்தவர்கள். பூவிழிக்கு அறுபத்தைந்து வயது. ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, ஆள் கிடைக்காமல் மறுபடியும் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். அவளும் வந்தாள். வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அவள் மகள் ஆதிரைக்குப் பிறவியிலேயே வேர்வைச் சுரப்பிகள் இல்லை. தலைமுடி மெலிந்து பூனை ரோமம் போல இருக்கும். பற்கள் குறைவு, இருப்பவையும் கூர்மையாக இருக்கும். அவை பெரிய தொந்தரவு இல்லை. வேர்க்காத உடம்புதான் தொந்தரவு. சூடு உள்ளே போனால் வெளியே வர வழி கிடையாது. அந்த வருடங்களில் வேலூர் வெயில் நல்ல உடம்பையே சாய்த்துக்கொண்டிருந்தது. மாசியிலிருந்து ஆவணி வரை ஆதிரை குளியலறையில்தான் இருந்தாள். பாடப் புத்தகம், சாப்பாட்டுத் தட்டு, நிறப் பென்சில் எல்லாம் அங்கே போகும். மின்சாரம் நின்ற ஒரு மதியத்தில் அவளுக்கு வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியில் ஐஸ் மேல் கிடத்திப் பிழைக்க வைத்தார்கள். அடுத்த முறை முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வானத்தில் தூள் தூவும் வேலையை உலக நாடுகள் சேர்ந்து ஆரம்பித்தன. சூரிய வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தூள் திருப்பி அனுப்பும், கூடவே காற்றிலிருந்து கரியை உறிஞ்சி எடுப்பார்கள், பூமி மெல்லக் குளிர்ந்து பழைய நிலைக்கு வந்து நிற்கும் என்றார்கள். எத்தனை வருடம் என்று எல்லாரும் கேட்டார்கள். முப்பது என்று பதில் வந்தது. அதுவரை தாங்க முடியாத உடம்புக்காரர்களை மலைமேல் குளிர் உறக்கத்தில் வைத்துக் காப்பாற்றலாம் என்று அரசு நிலையம் கட்டியது. உறக்கத்தில் உடம்பு மூப்படையாது. நகமும் முடியும் மட்டும் கொஞ்சம் வளரும், வெட்டிவிடுவார்கள். ஆதிரையை அங்கே விட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. பூவிழிக்கு முப்பது. மகள் எழுந்திருக்கும்போது தனக்கு அறுபது இருக்கும், அது ஒன்றும் பெரிய வயது இல்லை என்று அன்று அவள் கணவன் திருமாறனிடம் சொன்னாள்.

முதல் வருடம் மாதாமாதம் போனார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். பிறகு வருடத்துக்கு இரண்டு முறை ஆனது. திருமாறன் வருவதை நிறுத்தினான். அதன் பிறகு அவர்கள் பிரிந்தார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருப்பதற்கான காரணம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அவன் ஓசூருக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பூவிழி தீபாவளிக்கு மறுநாள் மட்டும் மலைக்குப் போய்வந்தாள். கடைசி மூன்று வருடம் அதுவும் இல்லை.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை. நிலையத்தில் நானூறு பேருக்கு மேல் உறங்குகிறார்கள். மண்டபத்துக்கு வந்திருந்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. எல்லாரும் வயதானவர்கள். ஜன்னலுக்கு வெளியே வானம் மோர் நிறத்தில் இருந்தது. தூள் தூவ ஆரம்பித்ததிலிருந்து அந்த நிறம்தான். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படம் வரைந்தால் வானத்துக்கு வண்ணம் தீட்டாமல் காகிதத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பேச வந்தவள் நிலோஃபர் என்ற கடல் ஆராய்ச்சியாளர். நாற்பது வயது இருக்கும். இந்தத் திட்டம் ஆரம்பித்தபோது அவள் சின்னக் குழந்தை. மேடையில் ஏறாமல் கீழேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல பாதிக்கு மேல குளுந்துச்சு, அது உங்களுக்கே தெரியும்," என்று ஆரம்பித்தாள். "பத்து வருஷத்துல அது நடந்துருச்சு. அதுக்கப்புறம் நின்னுபோச்சு. கொஞ்சங்கொஞ்சமா இறங்குது, ஆனா கண்ணுக்குத் தெரியாது. பழைய சூட்டுக்கு வந்து நிலையா நின்னாத்தான் இவங்கள எழுப்பணும்னு சட்டத்துல இருக்கு. அது எப்பன்னு சொல்றதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்."

"எப்பம்மா?" என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர்.

"ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்."

யாரும் எழுந்து கத்தவில்லை. பின்னால் இருந்த ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், "எவ்வளவுன்னாங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

"முப்பதுன்னு சொன்னது யாரு?" என்று பூவிழி கேட்டாள். குற்றம் சாட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒரு மாடல் சொன்னது. கம்ப்யூட்டர்ல பூமி மாதிரி ஒண்ணச் செஞ்சு ஓட்டிப் பாப்போம் இல்லையா, அது. அதுல கடல முழுசா வெச்சா, அந்தக் கடல் அடங்கறதுக்கு மாடலோட கணக்குலயே ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷம் ஓட்டணும். அன்னிக்கு இருந்த மெஷின்ல அதுக்கு மாசக்கணக்கா பிடிக்கும். நாடாளுமன்றத்துல அந்தக் கூட்டத்தொடர் முடியறதுக்குள்ள பதில் வேணும்னாங்க. அதனால கடலோட மேல்தண்ணி அம்பது மீட்டர மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அதுக்குக் கீழ தரை. ஆழம் கிடையாது, அடியில ஓடுற நீரோட்டம் கிடையாது. அந்தக் கடல் சீக்கிரமே அடங்கிரும். இருபது வருஷம், முப்பது வருஷம்."

"அப்ப அது பொய்யா?"

"பொய் இல்லம்மா. நாங்க இன்னிக்கும் அந்த மாடல வெச்சிருக்கோம். கடைசியில பூமி எங்க போய் நிக்கும்னு கேட்டா அது ஓரளவு சரியாத்தான் சொல்லும். எப்ப போய் நிக்கும்னு அதுகிட்ட கேக்கக் கூடாது. கேட்டுட்டாங்க."

"நெஜக் கடல் எவ்வளவு ஆழம்?"

"சராசரியா நாலு கிலோமீட்டர் ஆழம் இருக்கு. நூறு நூத்தம்பது வருஷமா நாம ஏத்துன சூடெல்லாம் அங்க உள்ள இறங்கி உக்காந்திருக்கு. மேல நாம குளுத்தக் குளுத்த, அது கீழ இருந்து மேல வந்துட்டே இருக்கும்."

பூவிழிக்குப் புரிந்தது. நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷின் ஓடி முடிந்ததும் ரத்தத்தைச் சோதித்தால் சுத்தமாக இருக்கும். நோயாளி சந்தோஷமாக எழுந்து போவார். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் அளவு ஏறியிருக்கும். தசைக்குள் இருந்த கழிவு ரத்தத்துக்கு வந்திருக்கும். இதை அவள் தினமும் பார்க்கிறாள். சரிதான் என்று தலையாட்டினாள். முப்பத்தைந்து வருடமாகத் தான் காத்திருந்த நாள் தன் ஆயுளில் வராது என்பது அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்போதும் மனதுக்குள் ஒன்றும் அசையவில்லை.

நிலோஃபர் மீதியையும் சொன்னாள். இன்றைய சூடு மற்றவர்களுக்குப் போதும் என்று நாடு முடிவு செய்துவிட்டது. பயிர் விளைகிறது, ஆலைகள் ஓடுகின்றன, இதற்கு மேல் தூள் தூவினால் பருவமழை கெடும். எனவே இதைவிட வேகமாகக் குளிர்விக்கும் யோசனை யாருக்கும் இல்லை. உறங்குகிறவர்களின் பெற்றோருக்கு வயதாகிவிட்டதால் பிள்ளைகளை ஒரு அறக்கட்டளை பொறுப்பேற்றுக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும். இப்போதே எழுப்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் கேட்கலாம். தாய் தகப்பன் இருவரும் உயிரோடு இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுப்பியவர்களை மறுபடி உறங்க வைக்க முடியாது, உடம்பு ஒரு முறைதான் தாங்கும்.

"எழுப்பினா பொழைப்பாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"மலையிலயே இருந்தா, வெயில் காலத்துல வீட்டுக்குள்ளயே இருந்தா, இருக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

வேட்டி கட்டிய ஒரு பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுந்தார். "ஆயிரம் வருஷம் கழிச்சு எந்திரிக்கறான்னு வெச்சுக்குவோம். அன்னிக்கு இருக்கறவங்க பேசறது என் பையனுக்கு வெளங்குமா?"

"அதுக்கு ஏற்பாடு பண்ணுவாங்க," என்றாள் நிலோஃபர். அது எந்த மாதிரி ஏற்பாடு என்று அவர் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சாப்பாடு இங்கேயா, வெளியேயா என்று யாரோ விசாரித்தார்கள்.

மதியம் பூவிழி கண்ணாடி அறைக்குப் போனாள். நிலோஃபரும் கூட வந்தாள். ஆதிரை அதே நீல விரிப்பின் மேல் அதே வாக்கில் படுத்திருந்தாள். நெற்றியில் வெளிறிய முடி ஒட்டியிருந்தது. பூவிழி பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் மகள் என்பது தெரிந்தது. ஒரு புகைப்படத்தைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி.

"எழுப்பறதா விடறதான்னு யோசிக்கறீங்களா?" என்றாள் நிலோஃபர்.

"இல்ல. எனக்கு இவ வேணுமான்னே தெரியலம்மா. வேணும்னுதான் இத்தன வருஷம் நெனச்சிருந்தேன். இன்னிக்கு நீங்க ஆயிரம் வருஷம்னு சொன்னீங்க. எனக்கு அழுகை வரணும் இல்ல? சாப்பிட்டேன். ரசம் நல்லா இருந்துச்சு."

நிலோஃபர் அவளைச் சமாதானப்படுத்த முயலவில்லை. "இன்னிக்கு வந்தவங்கள்ல நெறைய பேர் அப்படித்தான் இருக்காங்க," என்று மட்டும் சொன்னாள். "வராதவங்களும் அப்படித்தான் இருப்பாங்கன்னு நெனக்கறேன்."

வேலூர் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெரியவரின் கேள்வி அவள் கூடவே வந்தது. ஆதிரை கண் விழிக்கிறாள். நல்ல குளிர். யாரோ நல்லவர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஆதிரை தண்ணீர் கேட்கிறாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு படித்தவர் ஒருவர் வருகிறார், நாம் கல்வெட்டைப் படிப்பது போலத் தடவித் தடவி அவள் சொன்னதைப் புரிந்துகொண்டு தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். பூவிழி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி இதை முழுதாகப் பார்த்தாள். அந்தத் தண்ணீர் வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது.

அடுத்த வாரம் லீவு சொல்லிவிட்டு ஓசூருக்குப் போனாள்.

திருமாறன் ஊருக்கு வெளியே ரோஜா நாற்றுப் பண்ணை வைத்திருந்தான். நிழல்வலைக்குக் கீழே வரிசையாகத் தொட்டிகள். இடுப்பு வளைந்து, காதில் மெஷின் மாட்டியிருந்தான். ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உக்காரு பூவிழி," என்றான். அவன் மனைவி ரேணுகா வந்து பார்த்துவிட்டு, வாங்க என்று சொல்லி உள்ளே போனாள்.

பூவிழி விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒரு வாடிய இலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டான்.

"எனக்கும் அந்தச் செய்தி வந்துச்சு," என்றான். "நான் போகல. நீ போவன்னு தெரியும்."

"கையெழுத்துப் போடுவீங்களா?"

"எதுக்கு எழுப்பணும்? அவ பாட்டுக்கு நிம்மதியா தூங்கறா. நாம வெச்சிருந்தப்ப அவ ஒரு நாளாவது நிம்மதியா இருந்தாளா? குளியலறைக்குள்ளயே கெடந்தா. இப்ப எழுப்பி மறுபடியும் ஒரு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டணும். அங்க படுத்திருந்தா என்னிக்காவது ஒரு நாள் வெளிய போய் வெயில்ல ஓடி வெளையாடுவா. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"யாரும் இல்லாத எடத்துல."

"உசுரோட இருப்பா." இலையைக் கீழே போட்டான். "நீ எத்தன வருஷம் பாத்துப்ப? பத்து வருஷம்? பதினஞ்சு? அதுக்கப்புறம் அவள யார்கிட்ட விட்டுட்டுப் போவ?"

அந்தப் பதில் அவளுக்கு வரும் வழியெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்றான் திருமாறன், குரலைத் தாழ்த்தி. "எனக்கு அவ முகம் ஞாபகத்துக்கு வர்றதில்ல. போட்டோவ எடுத்துப் பாத்தாத்தான் வருது. வெச்சுட்டா போயிருது."

"எனக்கும்தான்," என்றாள் பூவிழி.

அவர்கள் கல்யாண வாழ்க்கையிலேயே இவ்வளவு உண்மையாகப் பேசிக்கொண்டது இல்லை. அதுவும் சட்டென்று முடிந்துபோனது. வாசலில் காபி தம்ளர்களுடன் ஒருவன் நின்றிருந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. திருமாறனின் அதே அகன்ற நெற்றி.

"யாரு முகம்ப்பா ஞாபகத்துல இல்ல?" என்று கேட்டான்.

திருமாறன் மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "காபிய வெச்சுட்டுப் போ, அகிலா," என்றான்.

அகிலன் தம்ளர்களை வைத்தான். போகவில்லை. பூவிழிதான் சொன்னாள். "எங்களுக்கு ஒரு பொண்ணு தம்பி. கோத்தகிரியில தூங்கற நெலையத்துல இருக்கா. ஆதிரைன்னு பேரு."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றான் திருமாறன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அவ தூங்கிட்டா."

கையெழுத்து கிடைக்கவில்லை. பூவிழி வற்புறுத்தவும் இல்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள். அகிலன் அவளை வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனான். பஸ் வரும் நேரத்தில்தான் கேட்டான்.

"அவங்களுக்கு இப்ப என்ன வயசு?"

"ஒம்போது."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "நான் போய்ப் பாக்கலாமா?"

"கண்ணாடி வழியா பாக்கலாம். யார் வேணா பாக்கலாம்," என்றாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் பூவிழி வேலைக்குப் போய்வந்தாள். ஊசி ஏற்றினாள், எடுத்தாள். கேட்பதற்கான காலக்கெடு ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடட்டும் என்று விட்டிருந்தாள். தினமும் ஒரு முறை, பெரும்பாலும் சாப்பிடும்போது, அந்தத் தண்ணீர் கேட்கும் காட்சி வரும். அதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

ஒரு நாள் காலை அகிலன் சென்டருக்கே வந்துவிட்டான். வரவேற்பறையில் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தான். கையில் மடிக்காமல் கொண்டுவந்த ஒரு உறை.

"அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு," என்றான்.

"என்ன சொல்லிக் கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல. நான் நாலு தடவ மலைக்குப் போய்ட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்து அவங்க எப்படி இருக்காங்கன்னு சாப்பிடும்போது சொல்லுவேன். முடி நெத்தியில ஒட்டியிருக்கு, எடது கை வெளிய இருக்கு, இப்படித்தான். அம்மா கேட்டுட்டு இருப்பாங்க. அப்பா எந்திரிச்சுப் போயிருவாரு. நேத்து எந்திரிச்சுப் போகல." கொஞ்சம் நிறுத்தினான். "அவங்கள அதுக்கப்புறம் யாரு பாத்துப்பாங்கன்னு பேசுனீங்களாமே, நீங்களும் அப்பாவும். உங்களுக்கு அப்புறம்."

"உங்கப்பாதான் கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல."

"நான் இருக்கேன்," என்றான். பெரிய வாக்குறுதி கொடுக்கும் தோரணை எதுவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆள் உண்டா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னான்.

பூவிழி அவனைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போய் இட்லி வாங்கிக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் அவன் கை கழுவப் போயிருந்தான். உறையைப் பிரித்துத் தன் கையெழுத்தையும் போட்டாள்.

நானூறு பேரில் எழுப்பச் சொல்லிக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான். நிலோஃபர் போனில் சொன்னாள். அந்த வேட்டி கட்டிய பெரியவர் கேட்டிருக்கவில்லை. மகனுக்காகத் தினமும் கொஞ்சம் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறாராம், அவனுக்கு விளங்கினால் விளங்கட்டும் என்று. பூவிழி அதைக் கேட்டுக்கொண்டாள். அவர் செய்வது தவறு என்று அவளால் சொல்ல முடியவில்லை. தான் செய்வது சரி என்றும் சொல்ல முடியவில்லை.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை கேட்டாள். அங்கேயும் ஆள் இல்லை, உடனே எடுத்துக்கொண்டார்கள். வடக்குப் பார்த்த வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அகிலன் வந்து ஒரு அறைக்குக் குளிர்சாதனமும், மின்சாரம் நின்றால் தானாக ஓடும் பேட்டரியும் பொருத்தினான்.

எழுப்புவது ஒரு நாள் வேலை இல்லை. ஒரு வாரம் கொஞ்சங்கொஞ்சமாக உடம்பைச் சூடாக்கினார்கள். எட்டாம் நாள் காலை பூவிழியை உள்ளே விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போவது அதுதான் முதல் முறை. மருந்து வாடை அடித்தது. நிலோஃபர் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

ஆதிரை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

"ஏம்மா முடிய வெட்டிக்கிட்ட?" என்றாள். குரல் கரகரத்தது.

பூவிழி ஒரு வாரமாகப் பல பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். நான்தான் உன் அம்மா என்று எப்படி நம்ப வைப்பது என்றெல்லாம் நர்ஸிடம் கேட்டு வைத்திருந்தாள். எதுவும் தேவைப்படவில்லை.

"கொட்டிப்போச்சு. அதான் வெட்டிட்டேன்."

ஆதிரை அவள் முகத்தை, கழுத்தை, கையை வரிசையாகப் பார்த்தாள். "நெஜமாவே முப்பது வருஷம் ஆயிருச்சா?"

"முப்பத்தஞ்சு."

"அப்பா?"

"ஓசூர்ல இருக்காரு. மலையேறி வர முடியல. வருவாரு."

"குளுந்துருச்சா?"

"பாதி குளுந்திருக்கு."

"மீதி?"

"மீதிக்கு ரொம்ப நாளாவும். ஆயிரம் வருஷத்துக்கு மேல."

ஆதிரை அதை மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். வீட்டுக் கணக்குப் போடும்போது அவள் புருவம் அப்படித்தான் நெரியும். "அப்ப எதுக்கு எழுப்புன?"

"மீதியும் குளுரும்போது நான் இருக்க மாட்டேன்."

"நான் தூங்கிட்டுதான இருந்திருப்பேன்," என்றாள் ஆதிரை. கோபமாகச் சொல்லவில்லை. "நீ இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல."

"ஆமா," என்றாள் பூவிழி.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். ஆதிரை வேண்டும் என்றாள். ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் நர்ஸிடம் மட்டும்தான் பேசினாள். கூட உறங்கிய பிள்ளைகளில் யார் யார் எழுந்தார்கள் என்று கேட்டாள். நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு மறுபடி திரும்பிப் படுத்தாள். பூவிழி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக வெள்ளை வானம் தெரிந்தது. தான் செய்ததை இனி மாற்ற முடியாது என்று தெரிந்தது. மகள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள். தான் அழுதிருந்தாலும் தேவலை.

மூன்றாம் நாள் அகிலன் வந்தான். அலுவலகத்துக்குப் போகிறவன் போலச் சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுத் தலைவாரிக்கொண்டு வந்திருந்தான். உள்ளே வந்ததும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கண்ணாடிக்கு வெளியே நின்று எத்தனையோ முறை பார்த்த முகம்தான். அது இப்போது திரும்பி அவனைப் பார்த்தது.

"இது யாரும்மா?" என்றாள் ஆதிரை. எழுந்த அன்றைக்குப் பிறகு அம்மாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அப்பாவோட பையன்," என்றாள் பூவிழி. "நீ தூங்கினப்புறம் பொறந்தவன்."

ஆதிரை எழுந்து உட்கார முயன்றாள். பூவிழி முதுகுக்குத் தலையணை வைத்துத் தாங்கினாள். அந்தச் சின்ன முதுகு கொஞ்சமும் ஈரமின்றிக் காய்ந்திருந்தது.

அகிலன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். வழியெல்லாம் எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, நிறுத்தி, பிறகு சொன்னான்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

வாசலில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டாள். ஆதிரை சிரிக்கவில்லை. அந்த நெடிய ஆளைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தாள். அவள் முகத்தில் இதுவரை இல்லாத ஒரு பொறுப்பு வந்தது.

"எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டாள்.

"படிச்சு முடிச்சுட்டேன்க்கா. வேலைக்குப் போறேன்."

ஆதிரை கொஞ்சம் யோசித்தாள். பிறகு கால்களை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள்.

"சரி, நிக்காத," என்றாள். "வந்து உக்காரு."